அடைப்பும் அசுத்தமும்

எங்கப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் பட்டுத்தறி நெய்தவர். முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்தபின் சிறுநீர்க் குழாயோடுதான் வாழ்ந்தார். ஒரு ராத்திரி அம்மா என்னை எழுப்பினாள்: 'பை காலியாவே இருக்குடா.' அப்பாவின் அடிவயிறு கல்லாய் இறுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் உருவிய குழாயின் துவாரத்தை மணல் போல ஏதோ அடைத்திருந்தது. 'சுத்தமா வெச்சுக்கத் தெரியாதா?' என்று நர்ஸ் கேட்க, அம்மா தலைகுனிந்து நின்றாள்.

அந்தக் கேள்விதான் இந்த வரலாற்றுக்குள் என்னைத் தள்ளியது.

மூத்திரப்பைக்குள் சிறு பலூனால் தங்கிநிற்கும் குழாயை 1930களில் உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடெரிக் ஃபோலி. காப்புரிமைச் சண்டையில் தோற்றார்; ஆனால் குழாய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. அதை அடைக்கிற மணலுக்குக் காரணம், பெரும்பாலும் புரோட்டியஸ் என்ற பாக்டீரியா. உருமாறும் கிரேக்கக் கடல்தெய்வத்தின் பெயரை 1885இல் அதற்கு வைத்தார்கள். நோயாளியின் குடலிலேயே அது குடியிருக்கலாம். குழாய்வழி ஏறி யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது, சிறுநீர் காரமாகிறது, மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாகப் படிகின்றன. எவ்வளவு கழுவினாலும் இது நடக்கும்.

யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சுத்தத்தின் பேரால் தீர்மானித்த கோயில் ஊர் இது. நர்ஸின் கேள்வியும் அதே சொல்லாடலுக்குள்தான் இயங்குகிறது. வேதியியலை ஒழுக்கமாக்கி, அதைப் பெண்ணின் தலையில் கட்டுகிறது.

1972இல் ஜாக் லாபிடஸ் குழுவினர், கிருமிநீக்கம் செய்யாத, கழுவிய குழாயை நோயாளியே அவ்வப்போது செருகி எடுக்கலாம் என்று காட்டினார்கள். குழாய் உள்ளேயே கிடக்காததால் படிகம் சேர வழியில்லை. ஜரிகை இழை பிடித்த விரல்கள் அப்பாவுடையவை. அவருக்கு இது முடியுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பக்கத்து வேலூரில், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966லேயே மறுவாழ்வு நிலையம் வந்துவிட்டது.

அப்புறம் அம்மாவே நாட்காட்டியில் குறிக்க ஆரம்பித்தாள். மூணு வாரத்துக்கொருமுறை அடைப்பு வந்தது. அதைக் காட்டி, அதற்கு முன்பே குழாயை மாற்றச் சொன்னாள். குழாய் முறுகாமல், பை மூத்திரப்பைக்குக் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். மலச்சிக்கல் வரவிடவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர், இடையிடையே எலுமிச்சைச் சாறு; சிட்ரேட் படிகத்தைத் தாமதப்படுத்தும் என்று பின்னாளில் பிரிட்டன் ஆய்வுகளில் படித்தேன்.

இவ்வளவும் ஒரு பக்கத் தமிழில் அடங்கும். குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும். அதைக் கேட்பது நம் வேலை.