ராஸ், சார்லஸ் ஹென்றி (1835–1897)

விக்டோரியா அரசியின் காலத்தில் லண்டனில் வாழ்ந்த நகைச்சுவை எழுத்தாளரும் கேலிச்சித்திரக்காரருமான சார்லஸ் ஹென்றி ராஸ், படக்கதையின் முன்னோடிகளுள் ஒருவர். படங்களை வரிசையாக அடுக்கிக் கதை சொல்லும் முறையை அவருக்கு முன்பே சுவிட்சர்லாந்தின் ரொடால்ஃப் டோப்ஃபரும் ஜெர்மனியின் வில்ஹெல்ம் புஷ்ஷும் கையாண்டிருந்தனர். எனினும், ஒரே பாத்திரம் ஆண்டுக்கணக்கில் ஓர் இதழில் மீண்டும் மீண்டும் தோன்றி வாசகரைக் கட்டிப்போடும் வழக்கம் வேரூன்றியது ராஸ் படைத்த ஆலி ஸ்லோப்பரால்தான்.

'பஞ்ச்' நகைச்சுவை இதழுக்குப் போட்டியாக 1867இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'ஜூடி' வார இதழில், அவ்வாண்டு ஆகஸ்ட் 14 அன்று ஸ்லோப்பர் முதன்முதலாக வந்தான். பருத்த மூக்கும் நசுங்கிய உயரத் தொப்பியும் கொண்ட அவன், வாடகை வசூலிப்பவர் வரக் கண்டால் சந்துக்குள் நழுவி மறைபவன். உழைக்காமல் பணம் சேர்க்க ஓயாமல் திட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் தோற்பவன். அவனுடைய கூட்டாளியாக வரும் ஐக்கி மோசஸ், யூதர்கள் மீது அக்காலத்தில் நிலவிய இழிவான வெறுப்பின் வார்ப்பு என்பதையும் மறைக்க இயலாது.

அந்நாளில் ஓவியர் வரைந்த படத்தை, செதுக்குநர் கடினமான மரக்கட்டையில் வெட்டி எடுப்பார்; அக்கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்து அடுக்கி ஒருசேர அச்சிட முடிந்ததால், படமும் அதன் கீழ் வரும் உரையும் மலிவான தாளில் ஒரே பக்கத்தில் இடம்பெற்றன. அப்பக்கங்களில் பேச்சுக் குமிழிகள் பொதுவாக இடம்பெறவில்லை. கதையை அவ்வுரையே நடத்தியது.

பாத்திரத்தைப் படைத்தவர் ராஸ் என்றாலும், அதற்கு உயிரூட்டிய பெருமையில் பெரும்பங்கு அவருடைய துணைவியும் நாடக நடிகையுமான மாரி டுவாலுக்கு உரியது. இசபெல் எமிலி தெ தெசியே என்னும் இயற்பெயர் கொண்ட அவர், ராஸிடமிருந்து ஸ்லோப்பரை வரையும் பணியை ஏற்று, மேடையில் கற்ற உடலசைவின் மிகையையும் வேகத்தையும் கோடுகளில் கொண்டுவந்தார். இலக்கண ஓவியர்கள் குறையெனக் கருதக்கூடிய அக்கட்டற்ற கோடே அப்படங்களின் வலிமை. இப்பக்கங்கள் 1873இல் நூலாகவும் தொகுக்கப்பட்டன.

பின்னர் பாத்திரத்தின் உரிமை பதிப்பாளர் கில்பர்ட் டால்சியலுக்குக் கைமாறி, 1884 மே 3 அன்று 'ஆலி ஸ்லோப்பரின் அரைநாள் விடுமுறை' என்னும் ஒரு பென்னி விலையுள்ள வார இதழ் பிறந்தது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வு பெற்ற உழைக்கும் மக்களிடம் அது பரவலாகச் சென்று, 1916 வரை நீடித்தது. டபிள்யூ. ஜி. பாக்ஸ்டர் அதில் ஸ்லோப்பரை நுட்பமாக வரைந்தார். ஆயினும் டுவாலின் துள்ளல் அங்கில்லை. நெடுங்காலம் ராஸின் நிழலில் மறைந்திருந்த டுவாலின் பங்கை, 1980களில் டேவிட் குன்சில் முதலிய ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர்.