செப்பேட்டு ஆய்வும் போலிக் காணொலியும்: கல்லூரி வகுப்பறைக்கு ஒரு முன்மொழிவு

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் அரசியல் பொய்களை எதிர்கொள்ள மாணவரைப் பழக்குவது என்றதும், உதட்டசைவையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்துப் போலியைப் பிடிக்கும் நுட்பமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது போதாது, சான்றை விசாரிக்கும் வரலாற்று முறையே அடித்தளமாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவு வழியே திரையில் தோன்றி மு.க. ஸ்டாலினைப் பாராட்டினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலை அ.தி.மு.க. அவ்வாறே உருவாக்கி வெளியிட்டது. இவை போலியா என்று கேட்டால் உடனே விடை கிடைத்துவிடும். மறைந்த தலைவரை இன்று பேசவைப்பவர் யார், எதற்காக என்பதே மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 2023 ஏப்ரலில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனுடையவை என இரண்டு ஒலிப்பதிவுகள் பரவின. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்’ இதழ் நாடிய வல்லுநர்கள் முதல் பதிவு குறித்து ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இரண்டாவதை உண்மையானது என்றனர். வல்லுநரே தயங்கும் இடத்தில், ஐயப்பட மட்டும் கற்ற மாணவர் தம் சார்புக்கேற்ற விடையையே தேர்ந்துகொள்வார். போலிகள் பெருகினால் உண்மைப் பதிவையும் போலியென்று தள்ளுவது எளிதாகும் எனச் சட்ட அறிஞர்கள் ராபர்ட் செஸ்னியும் டேனியல் சிட்ரானும் 2019இல் எச்சரித்தனர்.

மணவூரை அடுத்த திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் இங்கு வழிகாட்டுகின்றன. பழையனூரைக் கோயிலுக்கு அளித்த கொடை அவனது 6ஆம் ஆட்சியாண்டுக்குரியது. வடமொழிப் பகுதியோ அதற்குப் பின் நடந்த கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகிறது. ஆகவே அப்பகுதி பின்னர் எழுதப்பட்டது என ஆய்வாளர் முடிவுசெய்தனர். சோழர் மரபு சூரியனிலிருந்து தொடங்குவதாகச் சொல்வதை அவர்கள் வரலாறாகக் கொள்ளவில்லை. கொடைச் செய்தியை ஏற்றனர். செப்பேடு உண்மையானதே எனினும் அதன் ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே சோதிக்கப்பட்டது.

வரலாற்றுப் பயிற்சி மட்டுமே காக்குமா என்று கேட்கலாம். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோரின் ஆய்வில் வரலாற்று அறிஞர்களும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் இணையதளங்களின் தோற்றத்தைக் கண்டு பலமுறை ஏமாந்தனர். செய்தி சரிபார்ப்பாளர்கள் அத்தளங்களில் நின்று படிக்காமல், அவற்றைப் பற்றிப் பிறர் சொல்வதை முதலில் தேடினர். செப்பேட்டு ஆய்வாளரின் கேள்விகளோடு இந்தத் தேடலும் சேர வேண்டும்.

தமிழும் தெலுங்கும் புழங்கும் திருவாலங்காடு போன்ற எல்லைப் பகுதிகளில், ஒரே வதந்தி இரு மொழிகளிலும் எப்படி மாறுகிறது என்பதை மாணவர் ஒப்பிட்டு ஆராயலாம். ஐயத்துக்குரிய பதிவுகளைச் சோதிக்க 2024 மார்ச்சில் தொடங்கிய டீப்ஃபேக் பகுப்பாய்வுப் பிரிவின் வாட்ஸ்அப் சேவை இரு மொழிகளிலும் இயங்குவது இதற்கு உதவும். இத்தகைய பாடத்தில், எந்தச் சான்றைக் கொண்டு எவ்வளவு உறுதியோடு முடிவுசெய்தார் என்பதற்கே மாணவருக்கு மதிப்பெண் தர வேண்டும். நம்பத் தகுந்ததை நம்பவும் கற்பிக்காத பாடம் விமரிசனச் சிந்தனைப் பாடம் ஆகாது.