ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: தொடங்குமுன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இற்கோ டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு தேவை. தலைமன்னார் முதல் முருங்கன் வரை பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கப்பட்ட பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அவற்றை வீசத் தேவையில்லை. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இலவசமாக நிறுவலாம். கணினியை இயக்கும்போது எது வேண்டுமென்று ஒரு பட்டியல் கேட்கும். இணையத்துக்கு லினக்ஸ், பழைய வேலைகளுக்கு விண்டோஸ் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

ஆனால் எங்கள் வீட்டுக் கணினிகளில் இருப்பவை பாட்டும் படமும் மட்டுமல்ல. காணாமல் ஆக்கப்பட்டவரின் புகைப்படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதம், காணி உறுதி ஆகியவையும் இருக்கின்றன. இடம்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்த குடும்பத்துக்கு, வருடிப் பதிந்த அந்தக் கோப்பே கடைசிப் பிரதியாக இருக்கலாம். நிறுவும்போது 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தெரிவுசெய்தால் வன்தட்டு முழுவதும் அழிந்துவிடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். மற்றுமொரு பிரதி வேறு வீட்டில், வேறு ஊரில் இருப்பது நல்லது. ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

அடுத்து விண்டோஸில் இரண்டு விடயங்கள். பிட்லொக்கர் குறியாக்கம் இயங்குகிறதா எனப் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிடில் பின்னர் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காமல் போகலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாது. லினக்ஸிலிருந்து அந்தக் கோப்புகளில் எழுத முடியாமல் போகும்.

பின்னர் விண்டோஸின் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' வழியாக சி பகுதியைச் சுருக்கி, குறைந்தது 30 ஜிபி வெற்றிடம் விடுங்கள். 50 இருந்தால் நிம்மதி. இந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் தரவு சிதையலாம். மடிக்கணினி என்றால் மின்கலத்தை நிரப்பி, மின்னிணைப்பிலும் வைத்திருங்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்காரர், மின்தடை அறிவிக்கப்பட்ட நாளிலும் இடிமழை நாளிலும் இதைத் தொடக்கூடாது.

8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் ரூபஸ் மென்பொருளால் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்குங்கள். நிறுவாமலே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். வைபை, ஒலி, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் சோதித்துவிட்டு, 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற பொருளுள்ள தெரிவை எடுங்கள். 4 ஜிபி நினைவகமுள்ள கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பே பொருந்தும்.

நிறுவிய பின் விண்டோஸின் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டக்கூடும். கணினிக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. (போர்க்காலத்தில், 2006 ஏப்ரல் வரை, மன்னார் நகரில் ஒரு நேரமும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பெருநிலப் பகுதியில் அரை மணி பிந்திய நேரமும் இருந்ததை அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல.) லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லும் ஒரே கட்டளையால் இதைச் சரிசெய்யலாம்.

கடைசியாக, பாமினி. இங்கு தட்டச்சிட்ட பழைய கடிதங்களில் பெரும்பகுதி அந்த எழுத்துருவிலேயே உள்ளது. லினக்ஸில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு பழுதாகவில்லை; பாமினி எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து பிரதி செய்து லினக்ஸில் நிறுவினால் எழுத்து திரும்பிவிடும். ஆயினும் பாமினியில் இருக்கும் பெயரை யுனிகோட்டில் தட்டச்சிட்டுத் தேடினால் அகப்படாது. முக்கியமான கடிதங்களை யுனிகோட்டுக்கு மாற்றி, பெயர், திகதி, முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு வடிவங்களையும் வைத்திருங்கள்.