ஆப்பிரிக்கக் கெளுத்தி: பண்ணைக்குட்டையில் விடக்கூடாத மீன்

சின்னமனூர், உத்தமபாளையம் பகுதிகளில் பண்ணைக்குட்டையும் கிணறும் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், தண்ணீர் நிற்கும் மாதங்களில் மீன் விட்டு உபரி வருமானம் பார்க்க விரும்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 'தேளி', 'கெளுத்தி' என்று சொல்லி விற்கப்படும் குஞ்சுகளில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இருக்கலாம். வாங்குவதற்கு முன் இந்த மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

அடையாளம்

செதில் இல்லாத, விலாங்கு போல நீண்ட வழவழப்பான உடல். தலை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசைகள். முதுகுத்துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை நீளும். உடலில் பெரும்பாலும் திட்டுத் திட்டாகப் பளிங்குக் கோலம் தெரியும்.

நம் நாட்டுத் தேளிக்கு முதுகுத்துடுப்பு மிகச் சிறியது. மீனும் ஒரு அடிக்கு மேல் வளர்வது அரிது. நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் வாலை ஒட்டி சதைப்பற்றான இன்னொரு சிறு துடுப்பு உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு அது கிடையாது. இது ஐந்து அடிக்கு மேலும் வளரக்கூடியது.

வாழும் முறை

இது அடிமட்டத்தில் வாழும் மீன். பகலில் சேற்றிலும் மறைவிடங்களிலும் கிடந்துவிட்டு இரவில் இரை தேடும். கலங்கிய நீரில் மீசையால் துழாவியே இரையைக் கண்டுபிடிக்கும். புழு, நத்தை, தவளை, மீன் முட்டை, மீன் குஞ்சு, அழுகிய இறைச்சி என எதையும் விடாது.

செவுளுக்கு மேலே கிளை கிளையாக ஒரு சுவாச உறுப்பு இருப்பதால் காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும். ஆகவே மற்ற மீன்கள் செத்து மிதக்கும் நீரிலும் இது உயிரோடு இருக்கும். குட்டை வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து தாக்குப்பிடிக்கும். மழை இரவில் பக்கத்துடுப்பு முள்ளை ஊன்றி, ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும்.

மழைக்காலத்தில் புதுவெள்ளம் ஏறிய ஆழமற்ற புல்வெளி ஓரங்களில் முட்டையிடும். ஒரு தாய் மீன் பல்லாயிரம் முட்டைகள் இடும். ஒட்டும் தன்மையுள்ள அந்த முட்டைகள் ஏறக்குறைய ஒரு நாளிலேயே பொரிந்துவிடும்.

ஏன் தடை?

1990களின் தொடக்கத்தில் அனுமதியின்றி வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்த மீன் இது. 2000ஆம் ஆண்டு முதல் இதை வளர்க்கத் தடை உள்ளது. சீக்கிரம் எடை போடுகிறது, கோழிக்கழிவைப் போட்டாலே போதும் என்பதால்தான் சிலர் மறைவாக வளர்க்கிறார்கள். அழுகிய கழிவால் குட்டை நீரும் பக்கத்துக் கிணற்று நீரும் கெடும்.

நமக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. 1895 முதல் நம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் தண்ணீர் பெரியாறு நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. அந்த நீர்த்தேக்கத்திலேயே இந்த மீன் புகுந்திருப்பது பதிவாகியுள்ளது. பெரியாற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் அங்கே வாழ்கின்றன. இங்கேயும் ஒரு குட்டை மறுகால் பாய்ந்தால் மீன் வாய்க்காலுக்கும், அங்கிருந்து முல்லைப் பெரியாற்றுக்கும், பிறகு வைகை அணைக்கும் போகும். ஆற்றுக்குள் போய்விட்ட மீனைத் திரும்பப் பிடித்து ஒழிப்பது நடவாத காரியம். நாட்டு மீன்களை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்குத்தான் நட்டம்.

ஏற்கெனவே குட்டையில் இருந்தால்

• உயிரோடு வாய்க்காலிலோ கண்மாயிலோ விடாதீர்கள். அடுத்தவருக்குக் குஞ்சாகவும் கொடுக்காதீர்கள்.
• மீன்வளத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஆலோசனைப்படி அப்புறப்படுத்துங்கள்.
• மழைக்கு முன்பே செய்யுங்கள். நீரை இறைக்கும்போது குழாய் முனையில் சிறு கண் வலை கட்டுங்கள்.
• தரை வெடிக்கும் வரை காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு இடுங்கள். சேறு ஈரமாக இருந்தால் மீன் தப்பிவிடும்.

வேறு என்ன வளர்க்கலாம்?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுங்கள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேயும். அடிமட்டத்தில் கிடக்கும் மட்கிய தீனியை வீணாக்காமல் தின்ன மிர்காலே போதும். ஏக்கர் நீர்ப்பரப்புக்கு 2,000 முதல் 4,000 குஞ்சுகள் வரை விடலாம். ஐந்தடி ஆழ நீராவது நிற்க வேண்டும்.

குஞ்சுகளை அரசு மீன் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ ரசீதுடன் வாங்குங்கள். மீசையும் வழவழப்பும் உள்ள குஞ்சு கலந்திருந்தால் குட்டையில் விடாமல் தனியே எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் மீன்வளத்துறை அலுவலகத்திலோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ காட்டிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.