பனையேறிக் கெண்டை: ஒரு பெயரின் தடம்

லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்விதழில் 1797ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை வெளியானது. எழுதியவர் டால்டார்ஃப், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் லெப்டினன்டாக இருந்தவர். குளத்தையொட்டி நின்ற ஒரு பனையின் பட்டை வெடிப்பிலிருந்து 1791இல் ஒரு மீனைத் தன் கையாலேயே எடுத்ததாக அதில் சொல்கிறார். தண்ணீருக்கு ஐந்தடி மேலே இருந்ததாம். அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்ததாம். ‘பெர்கா ஸ்கேண்டென்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார். ஸ்கேண்டென்ஸ் என்றால் லத்தீனில் ‘ஏறுவது’.

மீன் நமக்குத் தெரிந்ததுதான். வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கும் பனையேறிக் கெண்டை. பெயரில்தான் கெண்டை, சாதி வேறு. செவுள் மூடியின் விளிம்பு ரம்பம்போல இருக்கும், அசட்டையாகப் பிடித்தால் விரலைக் கிழித்துவிடும். செவுளுக்கு மேலே ஓர் அறையில், மடிப்பு மடிப்பாக, காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. குளம் வற்றினால் மூடிகளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, அடுத்த நீர்நிலை தேடிப் போய்விடும். வங்காளத்தில் இதற்குக் ‘கோய்’ என்று பெயர். பானைத் தண்ணீரில் உயிரோடு சந்தைக்கு வரும்.

என்னைத் தேட வைத்த கேள்வி இது: டால்டார்ஃப் பார்த்ததால் பெயர் வந்ததா, பெயரைக் கேட்டிருந்ததால் அவர் அப்படிப் பார்த்தாரா?

பதிலுக்கு அதே ஊரில் இன்னொருவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார். பெர்லினில் மருத்துவராக இருந்த மீனியல் அறிஞர் ப்ளோக்குக்குச் சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்தி அனுப்பியவர் இவர். அதற்கு நன்றியாக ஒரு மீன் பேரினத்துக்கே ‘ஜோனியஸ்’ என்று ப்ளோக் பெயர் வைத்தார். நம் கத்தாழை மீன்கள் சில அந்தப் பேரினத்தில்தான் இருக்கின்றன. ஜான் அனுப்பியது மீன்களை மட்டுமல்ல. ஊரார் இந்த மீனைப் ‘பனையேறி’ என்பதையும் அதன் பொருளையும் சேர்த்தே ஐரோப்பாவுக்குத் தெரிவித்தார்.

அதன்பின் வந்த நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. ப்ளோக் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட நூலில் இந்த மீனின் பெயர் ‘ஸ்கேன்சர்’. அதுவும் லத்தீன்தான், ‘ஏறுபவன்’. 1816இல் பேரினப் பெயர் ‘அனபாஸ்’ வந்தது. கிரேக்கத்தில் அதற்கும் ஏறுதல்தான் பொருள். மூன்று நூல்கள், இரண்டு செம்மொழிகள், ஒரே பொருள். மூன்றின் வேரும் தரங்கம்பாடி. தமிழ்ப் பெயரைத்தான் இவர்கள் திரும்பத் திரும்பப் பெயர்த்திருக்கிறார்கள் என்பது என் முடிவு.

ஆனால் ப்ளோக்கே 1792இல் இதே மீனுக்கு ஆமையை நினைவூட்டும் ‘டெஸ்டுடினியஸ்’ என்ற பெயரை வைத்திருந்தார். முந்திய பெயருக்கே உரிமை என்பது அறிவியல் விதி. ஆகவே ஸ்கேண்டென்ஸ் விலக, இன்று இது ‘அனபாஸ் டெஸ்டுடினியஸ்’. ஏறுதல் பேரினத்தில் தங்கிவிட்டது.

தடம் இன்னும் பின்னோக்கிப் போகிறது. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் அரபுப் பயண நூல், தென்னை மரத்தில் ஏறி அதன் சாற்றைக் குடித்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும் மீனைப் பற்றிச் சொல்கிறது. இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில் பனையேறி என்றால் முதலில் மீனா நினைவுக்கு வருகிறது? கள் இறக்குகிறவர் அல்லவா! மரத்தில் ஏறுவது மட்டுமல்ல, சாற்றைத் தேடி ஏறுவது. அரபு மாலுமிகள் கேட்ட கதையும் தமிழ்ப் பெயரும் ஒரே கரைப் பேச்சின் இரண்டு கிளைகள் என்றே கருதுகிறேன்.

மீன் உண்மையிலேயே பனை ஏறுமா? பி. கே. தாஸ் என்ற விலங்கியலாளர் 1920களில் இந்த மீன்களை ஆராய்ந்து சொன்ன விளக்கம் எனக்கு ஏற்புடையது. தரையில் ஊர்ந்து போகிற மீனைக் காகமும் பருந்தும் கவ்வி, மரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகின்றன. மூச்சு முட்டாததால் அது அங்கேயும் உயிரோடு துடிக்கிறது. டால்டார்ஃப் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருளில்லை. பட்டை வெடிப்பில் முட்களை மாட்டி நெளிந்துகொண்டிருந்த மீனை அவர் எடுத்திருப்பார். அது மேலே ஏறிக்கொண்டிருந்தது என்று அவரை எண்ண வைத்தது, ஊரார் வாயில் அதற்கு முன்பே இருந்த பெயர்.