பாட்டி தைத்த போர்வையும் எங்கள் கடற்கரைச் சாயமும்

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் பாட்டி பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை. இரண்டு வருடம் பீரோவில் இருந்ததை எடுத்து மெஷினில் போட்டிருக்கிறாள். நடுவிலிருந்த சிவப்புச் சேலைத் துண்டு சாயம் விட்டு, வெள்ளை, மஞ்சள் எல்லாம் செந்நிறத் திட்டுகள். "சார், பாட்டியும் இல்ல. இதையும் கெடுத்துட்டேன். ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தாள். நான் வரலாற்று வாத்தியார், சலவைக்காரர் இல்லை. ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் 'துவைத்தால் போகாத சாயம்' என்ற ஒன்றுக்காகவே வெள்ளைக்காரன் கப்பலேறி வந்த கடற்கரை நம்முடையது.

பண்ருட்டியிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம். அங்கே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கி புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. தெற்கே பரங்கிப்பேட்டை, வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. எல்லோருக்கும் முக்கியச் சரக்கு துணிதான். அதிலும் பூ வரைந்த சீட்டித் துணிக்கு ஐரோப்பாவில் ஏகப்பட்ட கிராக்கி. கட்டில் அகலத்துக்கு வரைந்த பெரிய விரிப்பை உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாகவும் போர்த்திக்கொண்டார்கள். அவர்கள் ஊர்த் துணி அச்சு ஒரு துவையலில் கலங்கும். நம் துணியோ துவைக்கத் துவைக்கப் பளிச்சிடும். உள்ளூர் நெசவாளர் பிழைப்பு போகிறதே என்று பிரான்ஸ் 1686இல் சீட்டியைத் தடை செய்து 1759 வரை தடுத்துப் பார்த்தது. இங்கிலாந்தும் 1701, 1721 என்று இரண்டு சட்டம் போட்டது. தடுக்கத் தடுக்க ஆசை கூடியதுதான் மிச்சம்.

ரகசியம் என்ன? சாயத்தில் பாதி, சாயத்துக்கு முந்திய வேலையில் பாதி. துணியை முதலில் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காய்த் துவர்ப்பு நூலைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, வரையும்போது மை பரவாமல் தடுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் வரைவார்கள். அப்போது அங்கே சிவப்பே தெரியாது. பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்ட நீரில் கொதிக்கவைத்தால், படிகாரம் தொட்ட கோடுகள் மட்டும் ரத்தச் சிவப்பாக எழும்பும். மற்ற இடத்தில் ஒட்டிய லேசான சிவப்பை ஆட்டுப் புழுக்கையும் வெயிலும் தண்ணீரும் வெளுத்துவிடும். சாயவேர் என்பது மணற்பாங்கான கடலோரத்தில் முளைக்கும் சின்னச் செடி. இம்பூரல் என்றும் சொல்வார்கள். அதன் வேரிலுள்ள சாயம் படிகாரத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாகி நூலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு எங்கே போகும்?

நீலத்துக்கு அவுரி. அதற்குப் படிகாரம் வேண்டாம். தொட்டியில் பச்சையாகத் தெரியும் கரைசலில் முக்கி எடுத்துக் காற்றில் ஆட்டினால் நீலமாக மாறி, கரையாத் துகளாக இழையில் உட்கார்ந்துகொள்ளும். நீலம் படக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவைப்பார்கள். மஞ்சள்தான் அவர்களுக்கும் கைகொடுக்கவில்லை. நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டித்தான் பச்சை. அந்த மஞ்சள் வெளிறிப் போனதால் அருங்காட்சியகச் சீட்டிகளில் இன்று இலைகள் நீலமாக நிற்கின்றன.

இதையெல்லாம் ஐரோப்பாவுக்கு எழுதியவர்களில் ஒருவர் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1742இல் எழுதிய கடிதம். தான் புதிதாக ஞானஸ்நானம் கொடுத்த சாயத் தொழிலாளிகளைத் தனித்தனியாக விசாரித்து, சொன்னவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததாக அவரே எழுதுகிறார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டென்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதியவரும் இவரே. அறிஞர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொழிலாளி தன் குருவை நம்பிச் சொன்ன தொழில் ரகசியம் பாரிஸில் அச்சேறியதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சொன்னவர் ஒருவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

அடுத்தது வேகமாக முடிந்துபோன கதை. சாயவேரின் சிவப்பைத் தரும் அலிசரினை 1868இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர்போனது; அந்த விவசாயம் சரிந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு நின்றபோது கொஞ்சம் தலைதூக்கிப் பார்த்து மறுபடி படுத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1958 வாக்கில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி, துவைத்தால் சாயம் விடும் ரகம். எச்சரிக்கை இல்லாமல் சட்டையாக விற்றுவிட, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'சாயம் போகும், உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து, குறையை நாகரிகமாக்கிக் காசாக்கினார்கள். நம் பெண்கள் கடைக்காரரிடம் சண்டை போடும் விஷயத்தை அங்கே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள்!

சரி, போர்வைக்கு வருகிறேன். விசாரித்தும் படித்தும் அவளுக்கு எழுதியது இது. நூலோடு சேராமல் மேலாக ஒட்டியிருக்கும் உபரிச் சாயம்தான் தண்ணீரில் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறுகிறது. ஆகவே வெயிலில் காயப்போடாதே, இஸ்திரி வைக்காதே. சூட்டில் கறை இறுகும். பெரிய தொட்டி நிறைய, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் திரவம். போர்வை முழுக்க மூழ்கியே இருக்கட்டும். மேலே தட்டு கவிழ்த்து வை. இரவு முழுக்க ஊறட்டும். தண்ணீர் அதிகமாக இருந்தால்தான் இறங்கிய சாயம் திரும்ப ஒட்டாது. தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இரு. பிளீச் வேண்டவே வேண்டாம். நாமெல்லாம் செய்யும் கல்லுப்பு வைத்தியத்தையும் கேட்டாள். சாயம் தோய்க்கும்போது உப்பு உதவும், உண்மைதான்; போகிற சாயத்தை நிரந்தரமாகப் பிடித்துவைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. இனிமேல் தைக்குமுன் ஒவ்வொரு துண்டையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துக்கொள் என்றும் எழுதினேன்.

மூன்றாம் நாள் மறுபடி படம் வந்தது. வெள்ளைத் துண்டுகளில் சிவப்பு பெரும்பாலும் இறங்கி லேசான ரோஸ் மட்டும் நிற்கிறது. ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலப் பழுப்புக் கறை அப்படியே இருந்தது. அது மெஷின் வேலையா என்று கேட்டேன். "இல்ல சார், முந்திரிப்பழக் கறை. பாட்டி தோப்புக்குக் கட்டிட்டுப் போற சேலை அது" என்றாள். பண்ருட்டிக்காரனான நான் அதைக் கேட்டே இருக்கக் கூடாது.