ஐ ஆம் டைரக்டட் டு ஸே: ஆபீஸ் இங்கிலீஷ் வந்த கதை

நம் ஊரில் ஆங்கிலம் ஆபீஸ் வழியாகத்தான் பலருக்கும் வந்தது. தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பள்ளிக்கூடத்து ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் வழியாக வந்தது. எங்களைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆங்கில இலக்கணமே அரசாங்கக் கட்டுகள்தான். (அந்த ரென் யார் தெரியுமா? பிரெஞ்சு அந்நியர் படையை வைத்து 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதியவர். இலக்கணத்தைவிட அந்தக் கதைதான் எங்கள் சொல்தா வீடுகளுக்குப் பொருத்தம்!)

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 28-ஆவது பிரிவு, மக்களின் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்றது. ஒப்பந்தம் முழுச் சட்ட வலு பெற்றது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது எனக்கு வயது பத்து. 1965-ல் நமது ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் கொடுத்தது, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. சட்டம் சொன்னது இது. மேசையில் நடந்தது வேறு. டெல்லியிலிருந்து வரும் கடிதம் ஆங்கிலத்தில் வந்தால் பதிலும் ஆங்கிலத்தில்தானே போக வேண்டும்? அப்படித்தான் பிரெஞ்சு மெல்ல மெல்ல பழைய ரெக்கார்டு அறைக்குள் போய் உட்கார்ந்தது.

1970-களில் நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது என் சூப்பரின்டென்டென்ட் ஒரு பழைய ஃபைலைக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதிப் பழகுப்பா, இலக்கணம் எல்லாம் அப்புறம்" என்றார். அதில் இருந்த முதல் வாக்கியம்தான் 'ஐ ஆம் டைரக்டட் டு ஸே தட்'. சொல்வது நான், ஆனால் நான் சொல்லவில்லை, சொல்லும்படி எனக்கு உத்தரவு. இது வெறும் பவிசு இல்லை. அரசின் கருத்தையோ ஆணையையோ தெரிவிக்கும் கடிதம், அரசின் உத்தரவின்படி எழுதப்படுகிறது என்று சொல்லியாக வேண்டும் என்பது அலுவலக நடைமுறைக் கையேட்டின் விதி. கையெழுத்துப் போடுபவர் அண்டர் செக்ரெட்டரி, பேசுவது அரசாங்கம்.

ஆபீஸ் மெமோரண்டம் என்றால் 'நான்' என்பதே கிடையாது. 'தி அண்டர்ஸைன்ட் இஸ் டைரக்டட்', அதாவது கீழே கையொப்பமிட்டவர் பணிக்கப்பட்டிருக்கிறார். 'ஐயா' என்ற விளியும் இல்லை, 'தங்கள் உண்மையுள்ள' என்ற முடிப்பும் இல்லை. டி.ஓ. லெட்டரில் மட்டும் 'டியர்' என்று ஆரம்பித்து மனிதரோடு மனிதர் பேசலாம். எந்த வாக்கியம் எந்த உறைக்குள் போகும் என்பதை அறிந்தவனே நல்ல குமாஸ்தா.

'ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட்' என்பதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் 'வெய்யே த்ரூவே சி-ழ்வேன்' அச்சு அசலாக அதுதான். 'ஐ ஹாவ் தி ஆனர் டு' என்பதற்கும் 'ழெ லொனேர் தெ' என்று ஜோடி உண்டு. அந்த இரண்டு மொழிகளின் உறவு பழசு. நார்மன்காரர்கள் போன பிறகும் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. 1362-ல் வழக்குகளை இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது! சரியாக அறுநூறு ஆண்டு கழித்து, 1962-ல், நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி சட்டப்படியும் இறங்கியது. எனக்கு இந்தக் கணக்கில் ஒரு சின்ன சந்தோஷம்.

வேற்றுமையும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் 'அரெத்தே' முழுவதும் ஒரே வாக்கியம். மேலே 'கவர்னர்' என்று எழுவாய்; நடுவில் 'இன்ன ஆணையைப் பார்த்து, இன்ன சட்டத்தைப் பார்த்து' என்று அடுக்கடுக்காக வரும்; கடைசியில் 'ஆணையிடுகிறார்' என்ற வினை. யார் செய்தார் என்பது முதல் வரியிலேயே தெரியும். நம் ஆங்கிலக் கடிதத்திலோ 'இட் ஹாஸ் பீன் டிஸைடட்'. முடிவு செய்யப்பட்டிருக்கிறது. யாரால்? பிரெஞ்சிலும் 'ஓன்' என்று ஒரு முகமில்லாத எழுவாய் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் செயப்பாட்டு வினையை இவ்வளவு தாராளமாகப் புழங்கிய நிர்வாகத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஒரு முறை ஒரு அம்மாள் வந்தார். கணவர் வேலையில் இருந்தபோதே இறந்துவிட்டார், குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. மடித்து மடித்து ஓரம் கிழிந்த மூன்று கடிதங்களை மேசைமேல் வைத்தார். மூன்றிலும் ஒரே வாக்கியம்: 'தி மேட்டர் இஸ் அண்டர் கன்ஸிடரேஷன்'. தமிழில் சொன்னேன்: "பரிசீலனையில் இருக்குதும்மா." அவர் கேட்டார்: "யாரு பரிசீலிக்கிறாங்க, சார்? அவங்க பேரைச் சொன்னா நான் போய்க் கேட்டுக்கறேன்."

அந்த வாக்கியத்தில் பேரே இல்லையே, நான் எங்கிருந்து எடுத்துச் சொல்வேன்? ஃபைலைத் தேடினேன். வேறு ஒரு பிரிவில், ஒரு சர்வீஸ் சான்றுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. மூன்று கடிதமும் அந்தச் சான்று இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை வாங்கி வைத்த பிறகு ஃபைல் நகர்ந்தது. ஓய்வூதியமும் வந்தது, இரண்டு வருஷம் தாமதமாக.

அதற்குப் பிறகு என் டிராஃப்டுகளில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால், எந்தப் பிரிவில், எந்தக் காகிதம் குறைகிறது என்று ஒரு வரி கூடச் சேர்த்துவிடுவேன். சூப்பரின்டென்டென்ட் அதைச் சிவப்பு மையால் அடிப்பார். சில சமயம் அடிக்காமலும் விடுவார். அவரும் நல்லவர்தான், அவர் பயம் மேலே இருப்பவரைப் பற்றி.

இப்போது அரசுக் கடிதங்கள் தமிழில் வருகின்றன, மகிழ்ச்சி. ஆனால் கவனித்துப் பாருங்கள்: 'ஆணையிடப்படுகிறது', 'நடவடிக்கை மேற்கொள்ளப்படும்', 'தெரிவிக்கப்படுகிறது'. 'படு' இல்லாத வரி அபூர்வம். மொழி மாறியது, வாக்கியம் மாறவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் குடிநீர் இணைப்பு பற்றி வந்த பதிலைக் காட்டினார். 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்றிருந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டு, கடித எண்ணையும் தேதியையும் போட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.